சிங்கப்பூருக்குத் தனியாக வேலைக்கு வருபவர்: அறை, செலவு, முதல் நாற்பது நாள்

கேள்வி இது: வயது 28, ஊர் திருச்சி, சிங்கப்பூரில் எஸ் பாஸில் (நடுத்தரத் திறன் வேலைக்கான அனுமதி) வேலை, மாதச் சம்பளம் 4,000 வெள்ளி. அங்கே சொந்தக்காரர் என்று யாரும் இல்லை. எங்கே தங்குவது, மாதம் எவ்வளவு செலவாகும், கையில் எவ்வளவு பணம் கொண்டுபோக வேண்டும்? (இங்கே டாலரை வெள்ளி என்றுதான் சொல்வோம். கீழே எல்லாம் அந்தக் கணக்கில்தான். இப்போது ஒரு வெள்ளி 65 ரூபாயைத் தாண்டிவிட்டது.)

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 4,000 வெள்ளியில் ஒரு ஆள் தாராளமாக இருக்கலாம், மாதம் 2,000 வெள்ளிக்கு மேல் மிச்சமும் பிடிக்கலாம். எனவே மாதச் செலவை நினைத்துப் பயப்பட வேண்டாம். இடறி விழுவதெல்லாம் முதல் நாற்பது நாளில்தான். முதல் சம்பளம் கைக்கு வருவதற்குள் வாடகை, டெபாசிட், ஏஜென்ட் கமிஷன், பாய் தலையணை என்று எல்லாமே ஒரே நேரத்தில் வந்து நிற்கும். தனி அறை என்றால் ஏறத்தாழ 3,500 வெள்ளி, பகிர்வு அறை என்றால் 2,100 வெள்ளி கையில் இல்லாமல் விமானம் ஏறாதீர்கள். இன்னொன்று, திருச்சியில் உட்கார்ந்துகொண்டு எந்த அறைக்கும் ஒரு காசு அனுப்பாதீர்கள். ஏன் என்று பின்னால் வருகிறேன்.

கிளம்புவதற்கு முன் கையில் இருக்க வேண்டிய காகிதம் ஐபிஏ, அதாவது மனிதவள அமைச்சு தரும் கொள்கையளவு ஒப்புதல் கடிதம். அதில் அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் தனித்தனியாக இருக்கும். வாய்மொழியாக 4,000 என்று சொல்லிவிட்டு, அடிப்படை 3,400, மீதி படி என்று கடிதத்தில் போட்டிருக்கலாம். 'வீட்டு வசதி' என்று ஒரு பிடித்தம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் எந்த வீடு, அறையில் எத்தனை பேர் என்று இப்போதே கேளுங்கள். அதற்குக் கீழ்ப்படியிலுள்ள வொர்க் பர்மிட்டில் வருபவருக்குத் தங்குமிடம் முதலாளியின் பொறுப்பு. எஸ் பாஸ் வைத்திருப்பவர் பெரும்பாலும் தானேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். எஸ் பாஸுக்கு முதலாளி அரசுக்கு மாதாமாதம் கட்டும் லெவியை உங்கள் சம்பளத்தில் பிடிக்க அவருக்கு உரிமை இல்லை. வேலை கொடுத்ததற்காக முதலாளி உங்களிடம் பணம் வாங்குவது குற்றம். சிங்கப்பூரில் உரிமம் பெற்ற வேலை ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடிய கட்டணம் பாஸின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம், எப்படிப் பார்த்தாலும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கூடாது. கடிதம் உண்மைதானா என்பதை அமைச்சின் இணையதளத்தில் நீங்களே சரிபார்க்கலாம். வருகைப் படிவமான எஸ்ஜி அரைவல் கார்டை வந்திறங்கும் நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அது இலவசம். காசு கேட்கும் இணையதளம் எதுவானாலும் அது அரசுடையது இல்லை.

இனி தங்குமிடம். இங்கே நிறையப் பேர் தெரியாமல் மாட்டிக்கொள்வது ஒரு விதியில்தான். சிங்கப்பூரில் பெரும்பாலான வீடுகள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகள், சுருக்கமாக வீவக வீடுகள். அவற்றில் வாடகை ஒப்பந்தம் குறைந்தது 6 மாதம் இருக்க வேண்டும். தனியார் கூட்டுரிமை (காண்டோமினியம்) வீடுகளில் குறைந்தது 3 மாதம். ஆகவே 'ரெண்டு வாரம் மட்டும் ரூம் இருக்கு, வீவக வீடு' என்று யாராவது சொன்னால் அது சட்டப்படி ஆகாத ஏற்பாடு. முதல் இரண்டு வாரத்துக்கு உரிமம் உள்ள ஹாஸ்டலோ சிறிய ஹோட்டலோதான் வழி. லிட்டில் இந்தியா, லாவண்டர் பக்கம் படுக்கை ஒன்றுக்கு இரவுக்கு 30 முதல் 50 வெள்ளிக்குக் கிடைக்கும். பெட்டியைப் பூட்டி வைக்க லாக்கர் உண்டா என்று கேட்டுவிட்டு 14 இரவுக்குப் பதிவு செய்யுங்கள். கம்பெனியே இரண்டு வாரம் தங்க இடம் தருமா என்று ஒரு மின்னஞ்சல் போட்டுப் பார்ப்பதிலும் தப்பில்லை, சில கம்பெனிகள் கேட்டால் தருகின்றன.

அந்த இரண்டு வாரம் வீணாகாது. மருத்துவப் பரிசோதனை தேவை என்றால் அது முடிய வேண்டும், கம்பெனி பாஸை வழங்கச் செய்ய வேண்டும், பெண்டிமியர் சாலையிலுள்ள மனிதவள அமைச்சின் சேவை நிலையத்தில் கைரேகை, புகைப்படம் எடுக்க வேண்டும். அட்டை சில வேலை நாள் கழித்து வரும். பாஸ் வந்ததும் சிங்பாஸ் என்ற அரசு இணைய அடையாளக் கணக்கைத் திறந்துவிடுங்கள். வங்கி, வரி, வீவக என்று இங்கே எல்லாக் கதவுக்கும் அதுதான் சாவி. வங்கிக் கணக்கு திறந்ததும் தொலைபேசி எண்ணோடு பேநௌவை (நம் ஊர் யுபிஐ போன்ற பணம் அனுப்பும் வசதி) இணைத்துவிட்டால், டெபாசிட்டிலிருந்து காய்கறி வரை பணம் கொடுத்ததற்குப் பதிவு இருக்கும்.

அறை எந்தப் பகுதியில் என்பதை வேலை இடம்தான் தீர்மானிக்க வேண்டும். லிட்டில் இந்தியாவில் தோசை கிடைக்கிறது என்பதற்காக அங்கே அறை எடுத்துவிட்டு துவாசுக்கு வேலைக்குப் போனால் தினம் மூன்று மணி நேரம் ரயிலிலும் பஸ்ஸிலும் போய்விடும். துவாஸ், ஜூரோங் தொழிற்பேட்டை என்றால் பூன் லே, ஜூரோங் வெஸ்ட். சாங்கி பக்கம் என்றால் தெம்பனிஸ், சீமெய், பிடோக். வேலை நகர மையத்தில் என்றால் வடகிழக்கு ரயில் தடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: பொங்கோல், செங்காங், ஹௌகாங்கில் வாடகை கொஞ்சம் குறைவு, பூன் கெங், ஃபேரர் பார்க் கொஞ்சம் கூடுதல், ஆனால் தேக்கா சந்தை கூப்பிடு தூரத்தில். உட்லண்ட்ஸ், செம்பவாங், ஈசூன் மலிவு, தெற்கே வேலை என்றால் தூரம். எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து 10 நிமிட நடையில் இருக்கும் அறைக்கும் இரண்டாவது பஸ் ஏற வேண்டிய அறைக்கும் வாடகை வித்தியாசம் 100 வெள்ளி இருக்கலாம். அந்த 100 வெள்ளியைக் கொடுத்துவிடுவதே மேல். இரவு ஷிஃப்ட் என்றால் ரயில் நள்ளிரவு வாக்கில் நின்று விடியற்காலை ஐந்தரைக்குத்தான் மறுபடி தொடங்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள். வாரத்துக்கு இரண்டு டாக்சி எடுத்தால் மிச்சம் பிடித்த வாடகை அதிலேயே போய்விடும்.

வாடகை நிலவரம் பகுதிக்கும் வீட்டின் வயதுக்கும் ஏற்ப மாறும். தோராயமாக, வீவக வீட்டில் சாதாரணத் தனி அறை 800 முதல் 1,200 வெள்ளி. குளியலறை சேர்ந்த மாஸ்டர் அறை 1,100 முதல் 1,500. இன்னொருவரோடு பகிர்ந்தால் ஆளுக்கு 400 முதல் 600. 'பெட் ஸ்பேஸ்' என்று நான்கைந்து பேர் இருக்கும் அறையில் ஒரு படுக்கை 300, 350க்குக் கிடைக்கும்.

அந்த பெட் ஸ்பேஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் கையில் முதலில் வந்து விழுவது அதுதான். வழக்கமாக இப்படி நடக்கும். ஒருவர் முழு வீட்டையும் வாடகைக்கு எடுத்திருப்பார், இவர்தான் 'மெயின் டெனன்ட்'. தன் வாடகையை ஈடுகட்ட அறைக்கு நான்கு பேரைப் போடுவார். வீவக வீட்டை வாடகைக்கு எடுத்தவர் அதை மேல்வாடகைக்கு விட அனுமதி கிடையாது. உறவில்லாதவர்கள் ஒரு வீட்டில் அதிகபட்சம் 6 பேர்தான் இருக்கலாம். நான்கறை வீடும் அதைவிடப் பெரிய வீடும் என்றால் 2024 ஜனவரி 22 முதல் தற்காலிகமாக 8 பேர் வரை அனுமதி. மூவறை வீட்டில் பத்து பேரைப் போட்டுவிட்டு ஆறு பேர் பெயரை மட்டும் பதிவு செய்திருப்பார்கள். மீதி நான்கு பேரில் நீங்களும் ஒருவர். கழக அதிகாரிகள் சோதனைக்கு வந்தால் அன்றைக்கே பெட்டியோடு வெளியே நிற்க வேண்டியதுதான், டெபாசிட்டைத் திரும்பக் கேட்கக் கையில் ஒரு காகிதமும் இருக்காது. 'பேர் ரிஜிஸ்டர் பண்ண முடியாது தம்பி, ஆனா பிரச்சினை வராது' என்று சொல்லும் வீட்டில் 100 வெள்ளி குறைவு என்றாலும் போகாதீர்கள். இந்தப் பதிலில் ஒரே ஒரு வரிதான் நினைவில் நிற்கும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

முறையான ஏற்பாடு எப்படி இருக்கும்? அறை வாடகை என்றால் வீட்டுக்காரரும் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். ஒரு அறையைப் பூட்டிவைத்துவிட்டு 'நாங்களும் இங்கேதான் இருக்கிறோம்' என்று கணக்குக் காட்டுவது விதிமீறல். அறையை வாடகைக்கு விட வீடு மூவறையாவது இருக்க வேண்டும், ஓரறை, ஈரறை வீட்டில் விட முடியாது. வாடகை தொடங்குமுன் வீட்டுக்காரர் கழகத்திடம் அனுமதி வாங்கி உங்கள் பெயரையும் பாஸில் உள்ள ஃபின் என்ற அடையாள எண்ணையும் பதிய வேண்டும். உங்கள் பாஸில் குறைந்தது 6 மாதம் மிச்சம் இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. பதிவானதா என்பதை சிங்பாஸ் வழியாகக் கழகத்தின் இணையதளத்தில் நுழைந்து நீங்களே பார்த்துக்கொள்ளலாம். சிங்பாஸ் இன்னும் வரவில்லை என்றால் அனுமதிக் கடிதத்தை வீட்டுக்காரரிடம் கேளுங்கள், ஒழுங்கானவர் தயங்க மாட்டார். வீடு மாறினால் புது முகவரியைக் கம்பெனிக்கு உடனே சொல்லி அமைச்சில் திருத்தச் சொல்லுங்கள்.

ஏஜென்ட் வழியாகப் போனால் அவருடைய பதிவு எண்ணைக் கேளுங்கள். ஆர் என்ற எழுத்தில் தொடங்கும். சிஇஏ என்ற சொத்து முகவர் மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் அதைத் தட்டினால் பெயர், படம், தொலைபேசி எண் வரும். உங்களோடு பேசும் எண்ணும் அந்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். உண்மையான ஏஜென்டின் அட்டையைத் திருடிப் படமெடுத்து அனுப்பும் மோசடிக்காரர்கள் இந்த இடத்தில்தான் பிடிபடுவார்கள். வீவக வீட்டு வாடகைப் பணத்தை ஏஜென்ட் தன் கையில் வாங்கவே கூடாது என்று விதி இருக்கிறது. டெபாசிட்டும் முதல் மாத வாடகையும் வீட்டுக்காரர் பெயருக்கு நேராகப் போக வேண்டும். பேநௌவில் எண்ணைப் போட்டதும் திரையில் வரும் பெயரும் ஒப்பந்தத்திலுள்ள பெயரும் ஒன்றா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள். 'வேறு ஆறு பேர் கேட்கிறார்கள், பார்க்க வருவதற்கு முன் 300 வெள்ளி அனுப்பினால் பிடித்து வைக்கிறேன்' என்பவர் மோசடிக்காரர், அதில் சந்தேகமே வேண்டாம். திருச்சியிலிருந்து பணம் அனுப்ப வேண்டாம் என்றது இதனால்தான்: அறையையும் ஆளையும் நேரில் பார்க்காமல் இந்தச் சோதனைகளில் பாதியைச் செய்யவே முடியாது. சந்தேகம் வந்தால் மோசடித் தடுப்பு உதவி எண் 1799.

கமிஷனுக்கு நிர்ணயித்த விகிதம் கிடையாது. ஓராண்டு ஒப்பந்தத்துக்கு அரை மாத வாடகை, ஈராண்டுக்கு ஒரு மாதம் என்பது நடைமுறை. ஒரே ஏஜென்ட் வீட்டுக்காரரிடமும் உங்களிடமும் கமிஷன் வாங்கக் கூடாது. யாருக்காக வேலை செய்கிறார் என்று முதல் பேச்சிலேயே கேட்டுவிடுங்கள்.

இன்னொரு சங்கடத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இனம் பார்த்து 'இந்தியர் வேண்டாம்' என்று ஒதுக்கும் வீட்டுக்காரர்கள் இங்கே உண்டு. சிலர் விளம்பரத்திலேயே சொல்வார்கள், பலர் நேரில் பார்த்தபின் மழுப்புவார்கள். பஸ் காசும் மாலை நேரமும் போவதுதான் மிச்சம். அதனால் முதல் வாட்ஸ்அப் செய்தியிலேயே எல்லாம் போட்டுவிடுங்கள்: இந்தியர், ஆண், 28, எஸ் பாஸ், பொறியாளர், பகல் வேலை, ஒரே ஆள், புகை இல்லை, வாரத்தில் நான்கு நாள் சமைப்பேன், இந்தத் தேதியிலிருந்து ஓராண்டு வேண்டும், பெயர் பதிவு வேண்டும். பத்துச் செய்திக்கு மூன்று பதில் வரும். அந்த மூன்றும் போய்ப் பார்க்கத் தகுந்தவையாக இருக்கும்.

சமையல் என்ற சொல்லில்தான் பாதிச் சண்டை. 'லைட் குக்கிங்' என்று விளம்பரத்தில் இருந்தால் மேகியும் முட்டையும் மைக்ரோவேவும் என்று அர்த்தம். நம் கணக்கில் ரசம் வைப்பது லைட்தான், வீட்டுக்காரர் கணக்கில் கடுகு வெடிக்கும் எண்ணெய் வாடை பெரிய விஷயம். சமைக்கலாமா என்று கேட்காதீர்கள். கடுகு தாளிக்கலாமா, மீன் வறுக்கலாமா, குக்கர் விசில் அடிக்கலாமா என்று கேளுங்கள். குளிர்பெட்டியில் எந்தத் தட்டு உங்களுக்கு, துணி இயந்திரம் வாரத்துக்கு எத்தனை முறை, விருந்தாளி வரலாமா என்பதும் அப்போதே.

அறையைப் பார்க்க மாலை ஆறு மணிக்கு மேல் போங்கள். மேற்கு வெயில் விழும் சுவரைத் தொட்டால் அப்போதும் சூடாக இருக்கும், அந்த அறையில் ஏசி இல்லாமல் தூங்க முடியாது. மெத்தையைத் தூக்கிக் கைபேசி விளக்கை அதன் தையல் மடிப்பில் அடியுங்கள். மிளகுத்தூள் சிந்தினாற்போல் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி. அந்த வீட்டில் பெட்டியைத் தரையில் வைக்கக்கூட வேண்டாம். குளியலறைக் குழாயைத் திறந்து தண்ணீர் வேகம், சுடுநீர் எல்லாம் பாருங்கள். ஏசியை ஓடவிட்டு ஐந்து நிமிடம் நில்லுங்கள், தண்ணீர் சொட்டினால் பராமரிப்பு இல்லை. சன்னல் இல்லாத அறை, வரவேற்பறையில் பலகை அடித்துப் பிரித்த 'அறை' இரண்டும் வேண்டாம்.

ஏசி மின்கட்டணத்துக்கு ஒரு கணக்கு. சின்ன அறையின் ஏசி மணிக்குச் சராசரி 0.6 யூனிட் எடுக்கிறது என்று வையுங்கள். எட்டு மணி நேரத்துக்கு 4.8 யூனிட், யூனிட்டுக்கு 30 காசு என்றால் ஓர் இரவுக்கு 1.44 வெள்ளி, மாதம் 43 வெள்ளி. பழைய ஏசி என்றால் இரட்டிப்பாகும். 'இரவு 9 முதல் காலை 7 வரை ஏசி, மின்சாரம் தண்ணீர் வாடகையில் அடக்கம்' என்பது நல்ல பேரம். 'பில்லைத் தலைக்குப் பங்கு போடுவோம்' என்றால் கடைசி இரண்டு மாத பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். சிஇஏ வெளியிட்ட மாதிரி வாடகை ஒப்பந்தம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, அதை வைத்து வீட்டுக்காரர் தருவதை ஒப்பிட்டுப் பாருங்கள். டெபாசிட் ஓராண்டுக்கு ஒரு மாத வாடகை என்பது வழக்கம். ஒப்பந்தம் முடிந்து 14 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும், சாதாரணத் தேய்மானத்துக்குப் பிடிக்கக் கூடாது என்ற இரண்டும் எழுத்தில் இருக்கட்டும். சின்னப் பழுதுகளில் முதல் 150, 200 வெள்ளி வாடகைக்காரர் தலையில் என்று ஒரு விதி இருக்கும். முழு வீட்டுக்கு அது நியாயம், ஓர் அறைக்கு 50 வெள்ளிக்குக் குறைக்கக் கேளுங்கள். சாவி வாங்கிய அன்றே சுவர், மெத்தை, மேசை, ஏசி, தரைக் கீறல் எல்லாவற்றையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தேதியோடு சாட்சி ஆகிவிடும்.

டிப்ளமேட்டிக் கிளாஸ் என்று ஒரு பிரிவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வேலை போய் நாட்டை விட்டுக் கிளம்ப நேர்ந்தால் ஒப்பந்தத்தை முன்கூட்டியே முடிக்கலாம் என்கிற பிரிவு அது. வழக்கமான வாசகத்தில், 12 மாதம் முடிந்தபின் 2 மாத முன்னறிவிப்போடு என்று இருக்கும். ஓராண்டு ஒப்பந்தத்தில் அப்படி எழுதி என்ன பயன்? பன்னிரண்டு மாதம் முடிந்தால் ஒப்பந்தமே முடிந்துவிடுகிறதே. எஸ் பாஸ் ரத்தானால் இங்கே இருக்கக் கிடைப்பது பொதுவாக 30 நாள். அதனால் 'வேலை பாஸ் ரத்தானால் ஒரு மாத முன்னறிவிப்போடு எப்போது வேண்டுமானாலும்' என்று மாற்றிக் கேளுங்கள். ஒப்பவில்லை என்றால் முதல் ஒப்பந்தத்தை 6 மாதத்துக்குப் போடுங்கள். தகுதிகாண் காலத்தில் இருக்கும் ஆளுக்கு எப்படியும் அதுதான் பாதுகாப்பு.

கையெழுத்தானபின் முத்திரை வரி. நான்கு ஆண்டுக்கு உட்பட்ட ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, சிங்கப்பூரில் கையெழுத்திட்டால் 14 நாளுக்குள். மாதம் 900 வெள்ளி, ஓராண்டு என்றால் 10,800 வெள்ளிக்கு 43 வெள்ளி. இதை வாடகைக்காரர் கட்டுவதே வழக்கம். வீண் செலவு என்று விட்டுவிடாதீர்கள், முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் சான்றாக வைக்க முடியாது. டெபாசிட்டைத் தராமல் இழுத்தடித்தால் சிறு கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றத்தில் வக்கீல் இல்லாமல் இணையத்திலேயே வழக்குப் போடலாம். 2 ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகை, 20,000 வெள்ளி வரை கோரிக்கை அங்கே செல்லும். பல நேரம் 'அங்கே போகிறேன்' என்ற ஒரு செய்தியிலேயே பணம் வந்துவிடுகிறது. ஒப்பந்தம் சுத்தமாக இருந்தால்தான் அந்தச் செய்திக்கு மதிப்பு.

இப்போது முதல் மாதக் கணக்கு. ஹாஸ்டல் 14 இரவு, 40 வெள்ளி வீதம் 560. வாடகை 900, டெபாசிட் 900. கமிஷன் 450, அதன் மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்தால் 490. முத்திரை வரி 43. படுக்கை விரிப்பு, தலையணை, ஒரு சட்டி, குக்கர், வாளி என்று 180. சிம், ரயில் பஸ் 70. சாப்பாடு 400. கூட்டினால் 3,543 வெள்ளி, கிட்டத்தட்ட இரண்டரை லட்சம் ரூபாய். ஏஜென்ட் இல்லாமல் 450 வெள்ளிக்குப் பகிர்வு அறை கிடைத்தால் 2,100 வெள்ளி வாக்கில் முடியும். சம்பளம், அந்தச் சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் வர வேண்டும் என்பது சட்டம். மாதம் முதல் தேதி சேர்ந்தாலும் அடுத்த மாதம் ஏழாம் தேதி வரை காத்திருக்க நேரலாம் என்றுதான் நாற்பது நாள் என்று சொன்னேன். இந்தப் பணத்தை முழுக்க நோட்டாகக் கொண்டுவராமல் 500 வெள்ளி நோட்டாகவும் மீதியை ஃபாரெக்ஸ் கார்டிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

நிலைத்தபின் மாதச் செலவு: அறை 900, சாப்பாடு 450, போக்குவரத்து 100, தொலைபேசி 15, மின்சாரப் பங்கு 50, சோப்பு மருந்து துணிமணி 80, ஊர்ப் பயணத்துக்கு ஒதுக்குவது 60, வருமான வரிக்கு ஒதுக்குவது 90. மொத்தம் 1,745. மிச்சம் 2,255. பகிர்வு அறை என்றால் இன்னும் 450 மிச்சம், ஆண்டுக்கு 5,400. என் கருத்து, இருவர் இருக்கும் பதிவு செய்த அறை என்றால் தாராளமாகப் பகிரலாம். ஷிஃப்ட் வேறு வேறு என்றால் வேண்டாம், தூக்கம் கெட்டால் அந்த 450க்கு அர்த்தமில்லை.

சாப்பாட்டுக்கு 450 எப்படி வருகிறது என்றால், காலையும் இரவும் வீட்டில், மளிகை காய்கறி 200. மதியம் 22 நாள் வெளியே, 6.50 வீதம் 143. வார இறுதியில் எட்டு வேளை வெளியே, 64. தேநீர் 40. மூன்று வேளையும் வெளியே என்றால் 600ஐத் தாண்டும். உணவங்காடி நிலையத்தில் சோறும் மூன்று கறியும் ஐந்தாறு வெள்ளி, லிட்டில் இந்தியாவில் குளிரூட்டிய கடையில் சாப்பாடு பத்து வெள்ளிக்கு மேல். காய்கறி, மீன், தேங்காய்க்குத் தேக்கா சந்தை. பருப்பு, மசாலாவுக்கு முஸ்தஃபா. அரிசி, பால், முட்டைக்கு வீட்டருகே உள்ள ஷெங் சியோங் அல்லது ஃபேர்பிரைஸ். தேநீர்க் கடையில் 'தே' என்று மட்டும் சொன்னால் டின் பால் ஊற்றித் தித்திப்பாகத் தருவார்கள். 'தே சி' என்றால் இனிப்பில்லாத டின் பாலும் தனியாகச் சர்க்கரையும், 'தே ஓ' என்றால் பால் இல்லை, கூடவே 'கொசொங்' என்றால் சர்க்கரையும் இல்லை. இந்த நான்கு சொல் போதும், பழகிவிடும்.

வரிக்கு ஏன் 90? எஸ் பாஸ்காரருக்கு சிபிஎஃப் (சேமநிதி) பிடித்தம் இல்லை, வரியும் மாதாமாதம் பிடிப்பதில்லை. முழுச் சம்பளமும் கைக்கு வரும், அடுத்த ஆண்டு வரி கேட்டுக் கடிதம் வரும்போது கை காலியாக இருக்கும். 183 நாளாவது இருந்து குடியிருப்பாளர் கணக்கில் வந்தால், ஆண்டுக்கு 48,000 வருமானத்தில் 1,000 உழைப்பு வருமானக் கழிவு போக 47,000. முதல் 40,000க்கு 550, மீதி 7,000க்கு 7 விழுக்காடு 490, ஆக 1,040 வெள்ளி. மார்ச் 1 முதல் ஏப்ரல் 18க்குள் இணையத்தில் கணக்குக் காட்ட வேண்டும். ஜைரோ (வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் ஏற்பாடு) போட்டால் 12 தவணையில் வட்டியில்லாமல் கட்டலாம்.

ஊர் வங்கிக் கணக்கை மறக்காதீர்கள். வேலைக்காக வெளிநாடு போய்விட்டால் சாதாரண சேமிப்புக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக ஆக்க வேண்டும், இங்கிருந்து அனுப்பும் பணத்துக்குத் தனியாக ஒரு என்ஆர்இ கணக்கு. அந்த நிதியாண்டில் இந்தியாவில் 182 நாள் ஆகுமுன் கிளம்பினால், அதாவது செப்டம்பர் 28க்குள், அந்த ஆண்டுக்கே வெளிநாடுவாழ் இந்தியர் கணக்கில் வருவீர்கள். அதற்குப் பின் கிளம்பினால் சிங்கப்பூர்ச் சம்பளத்தையும் அந்த ஆண்டு இந்திய வரிக் கணக்கில் காட்ட வேண்டும். சேரும் தேதியை ஒரு வாரம் முன்பின் நகர்த்த முடியுமானால் இதை வைத்து முடிவெடுங்கள்.

மருத்துவம்: எஸ் பாஸுக்கு முதலாளி எடுக்க வேண்டிய காப்பீடு ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. அது மருத்துவமனையில் தங்கும் சிகிச்சைக்கும் ஒருநாள் அறுவைக்கும். காய்ச்சலுக்குக் கிளினிக் போனால் 40 முதல் 70 வெள்ளி, அதைக் கம்பெனி தருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல், கண்ணாடி இரண்டையும் திருச்சியிலேயே முடித்துவிட்டு வாருங்கள். மாத்திரை கொண்டுவந்தால் சீட்டோடு, மூன்று மாதத்துக்கு மேற்படாமல். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்கு முன் அனுமதி வேண்டியிருக்கும். அம்மா கட்டிக் கொடுக்கும் மசாலாப் பொட்டலத்தில் கசகசா இருக்கிறதா என்று பாருங்கள், இங்கே அது போதைப்பொருள் தடுப்புப் பிரிவின் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. ஹான்ஸ், குட்கா, மின்சிகரெட் மூன்றும் தடை. சாதாரண சிகரெட்டுக்கும் தீர்வையில்லா சலுகை கிடையாது, ஒரு பாக்கெட் என்றாலும் சொல்லி வரி கட்ட வேண்டும்.

கடைசியாக, திரும்பும்போது அல்லது வேலை மாறும்போது வரும் ஒன்று. எஸ் பாஸ்காரர் வேலையை விட்டால் முதலாளி வரித் தீர்வுப் படிவத்தைக் கடைசி வேலை நாளுக்கு ஒரு மாதம் முன் தாக்கல் செய்ய வேண்டும், தீர்வு வரும்வரை உங்கள் கடைசிச் சம்பளத்தை நிறுத்தி வைக்க வேண்டும். அறை டெபாசிட் திரும்பி வரவும் அதே நேரம்தான் ஆகும். இரண்டும் கைக்கு வரும்வரை சிங்கப்பூர் வங்கிக் கணக்கை மூடாதீர்கள், ஒரு மாதச் செலவுப் பணத்தை அதிலேயே விட்டு வையுங்கள்.